பொலிகிடாவும் பிரையான் புரதமும்



பிரையான் பற்றிய கருத்தரங்குக்கு விருதுநகர் எதற்கு என்று கேட்டார்கள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் சிதறிய வேம்பூர்ப் பொட்டு ஆடும், கன்னி ஆடும் இந்தக் கரிசலின் சொத்து. அவற்றை முன்வைத்துத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

பிரையான் புரதம் நம் எல்லோர் மூளையிலும் உண்டு. மனிதருக்கு 253 அமினோ அமிலங்கள், செம்மறிக்கு 256. அதன் மடிப்பு பிறழ்ந்தால் பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் பிறழ வைக்கும். சிவகாசிக்காரர்களுக்குச் சொன்னால், சரவெடியில் நெருப்பு ஓடுவது மாதிரி. இடையில் திரி மாறினால் ஓட்டம் தடைபடும். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் அப்படித் தடைபடலாம். பிரிட்டனில் இந்தப் பிறழ்வால் மாடுகளுக்கு வரும் 'மேட் கவ்' நோய் பரவிய காலத்தில் பூனைகளுக்கும் அது தொற்றியது; நாய்களுக்குத் தொற்றவில்லை. நாயின் புரதத்தில் 163ஆம் இடம் வேறுபட்டிருப்பதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்கள்.

மனிதரில் 129ஆம் இடத்தில் மெத்தியோனின் இருக்கலாம், வேலின் இருக்கலாம். மாட்டிலிருந்து வந்த நோய் 1996இல் மனிதரிடம் கண்டறியப்பட்டது. அதற்குப் பலியானவர்களில் ஏறத்தாழ அனைவரும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மெத்தியோனினையே பெற்றவர்கள். இரண்டும் கலந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பப்புவா நியூ கினியில் இறந்த உறவினரின் உடலை உண்ணும் வழக்கத்தால் குரு நோய்க்கு ஆளான ஃபோரே மக்களிடையே, 127ஆம் இடத்தில் ஒரு மாற்றம் 2009இல் தெரியவந்தது. கொள்ளைநோயின் நடுவே அதைச் சுமந்தவர்கள் பிழைத்திருக்கிறார்கள். எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

செம்மறிக்கு 136, 154, 171 ஆகிய இடங்களே முக்கியம். உடம்பைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து மாயும் ஸ்கிரேபி நோய்க்கு எதிராக, 171இல் அர்ஜினின் உள்ள கிடாக்களை 2001 முதல் பிரிட்டன் பொறுக்கி எடுத்தது. பலன் கிடைத்தது. ஆனால் 1998இல் நார்வேயில் முதலில் தென்பட்ட வேறொரு வகை ஸ்கிரேபி, அந்த 'எதிர்ப்பு' ஆடுகளையும் தாக்குகிறது. அதனால்தான் ஒரே வகையை மட்டும் பெருக்கும் திட்டத்தை இங்கே கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன்.

நம் நாட்டுக்குப் பிரையான் நோய் அந்நியமானது அல்ல. இமயமலை அடிவாரச் செம்மறிகளில் ஸ்கிரேபி இருந்ததாக 1961இலேயே எழுதப்பட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்க்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பதிவேடு வைத்திருக்கிறது.

இனப்பெருக்கத்துக்கான பொலிகிடாவை, கிடை போட்டு ஆடு மேய்க்கும் நம் கீதாரி எப்படித் தேர்ந்தெடுக்கிறார்? உயரம், கால், திட்டு, தாயின் பால் எல்லாம் பார்ப்பார். பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையில் சேர்வதால் இரத்தமும் கலக்கிறது. அந்தக் கலப்பு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போய், கீதாரியின் சம்மதத்தோடு, பொலிகிடாக்களின் இரத்தம் எடுத்து, பிரையான் புரதத்தின் அந்த மூன்று இடங்களையும் பதிவு செய்யுங்கள். முடிவு அவர் கைக்குத் தமிழில் போய்ச் சேரட்டும். இந்த வேலைக்கான திட்டத்தை மாலை அமர்வுக்குள் நீங்கள் வகுத்துத் தர வேண்டும் என்ற கோரிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.