கேப்ரிஸ் படகும் ஐந்து பிள்ளைகளும்



கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி வான்கூவர் தீவு இருக்கிறது. அதன் தென்கிழக்குக் கோடியில் சிட்னி என்று ஒரு சிற்றூர். 1927-ஆம் ஆண்டில், அந்த ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒருவர் குடும்பத்தின் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனார். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மனைவிக்கு அப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. ஐந்து பிள்ளைகள்.

அந்தப் படகை வந்த விலைக்கு விற்றுவிட்டு, பிள்ளைகளைக் கடல் பக்கமே விடாமல் அந்தத் தாய் வளர்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கோடை வந்தால் வீட்டை வாடகைக்கு விட்டார். பிள்ளைகளை அதே படகில் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். ஒரு கோடை போனதும் நிறுத்தவில்லை. ஆண்டுக்கு ஆண்டு போனார். அவர் பெயர் எம். வைலி பிளாஞ்செட். படகின் பெயர் கேப்ரிஸ். அந்தப் பயணங்களை அவர் எழுதிய புத்தகம் ‘தி கர்வ் ஆஃப் டைம்’. அந்தத் தாயைப் பற்றியும் அந்தக் கடலைப் பற்றியும்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

கேப்ரிஸின் நீளம் 25 அடி. அகலம் ஆறரை அடி. ஓர் ஆள் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தால் ஏறக்குறைய இரு பக்கமும் எட்டிவிடும். அதற்குள்தான் பெட்ரோல் இயந்திரம், அடுப்பு, படுக்கை, துணிமணி, அரிசி பருப்பு போலச் சேமித்து வைக்கிற பண்டங்கள், தாயும் பிள்ளைகளும். இயந்திரம் மக்கர் செய்தால் பழுது பார்க்கக் கூப்பிட ஆள் கிடையாது. அந்த அம்மாவே கையில் கிரீஸோடு உட்கார்ந்து சரிசெய்தார். கரையில் பொறுக்கிய சிப்பி, தூண்டிலில் விழுந்த மீன், புதரில் பறித்த பழம், இவையெல்லாம் சாப்பாட்டில் சேர்ந்தன.

அந்தக் கடல் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை விளங்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரை நேர்க்கோடாக ஓடுவதில்லை. பனியாறுகள் குடைந்த பள்ளங்களுக்குள் கடல் புகுந்து, மலைகளுக்கு நடுவே நீண்ட விரல்களாகக் கிடக்கிறது. அப்படி ஒரு விரலான ஜெர்விஸ் நீர்வழியில் ஆழம் 700 மீட்டரைத் தாண்டுகிறது. பாறைச் சுவர் அப்படியே செங்குத்தாக உள்ளே இறங்கும். கரையைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்றாலும் நங்கூரக் கயிறு அடியை எட்டாது.

இன்னொரு பக்கம், கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. பல இடங்களில் இந்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டர், சில நாட்களில் அதற்கு மேலும் வித்தியாசம் இருக்கும். மாலையில் மூன்று மீட்டர் தண்ணீர் இருக்கிறதே என்று நம்பி நங்கூரம் போட்டவர், விடியற்காலையில் படகு பாறைமேல் சாய்ந்து கிடப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே நங்கூரம் இடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு உண்டு. இப்போது ஆழம் எவ்வளவு, இன்று இரவு எந்நேரத்துக்கு எவ்வளவு இறங்கும், இறங்கிய பிறகு படகின் அடியில் எவ்வளவு மிஞ்சும்? பிள்ளைகள் தூங்க வேண்டுமானால் தாய் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஜெர்விஸ் நீர்வழியின் உட்கோடியில் பிரின்சஸ் லூயிசா என்னும் அழகான சிறு நீர்வழி. சுற்றிலும் 2,000 மீட்டரைத் தாண்டும் மலைகள். கடைக்கோடியில் ஓர் அருவி. உள்ளே போக ஒரே வாசல்தான். மாலிபு என்று பெயர். நெருக்கமான பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும் இடுக்கு அது. குறுகிய கழுத்துள்ள குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கடல் ஏறும்போது அந்தக் கழுத்து வழியாகத்தான் உள்ளே நிரம்ப வேண்டும். வற்றும்போதும் அதே கழுத்து வழியாகத்தான் வடிய வேண்டும். ஓட்டம் முற்றிய நேரத்தில் தண்ணீர் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். சிறு படகு அதை எதிர்த்து ஏற முடியாது.

வெளியே கடல் ஏறி முடிந்த கணத்தில் வாசலில் ஓட்டம் நின்றுவிடுமா? நிற்காது. உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாவதற்கு மேலும் சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பிறகு தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும். உடனே எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடும். அந்தச் சிறு இடைவெளிதான் படகுக்காரர்களின் முகூர்த்தம். கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும், காத்திருக்க வேண்டும், நீரின் முகம் மாறுவதைக் கண்ணால் கண்டு இயந்திரத்தை முடுக்க வேண்டும்.

1792-இல் ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் சிறு படகுகளில் இந்தக் கரையை அளந்துகொண்டு வந்தார். இந்த வாசலையும் பார்த்தார். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததால், உள்ளே போக உதவாத ஓடை என்று கருதிக் கடந்து போனார். அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் பிளாஞ்செட் தன் படகில் கூடவே வைத்திருந்தார். கைதேர்ந்த மாலுமிக்குத் திறக்காத அந்த வாசல், நேரம் அறிந்து காத்திருந்த ஒரு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் திறந்தது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அந்தப் புத்தகத்தில் மனத்தை உறுத்தும் பக்கங்களும் உண்டு. அவற்றையும் சொல்லியாக வேண்டும். வடக்கே போகப் போக குவாகுவாகியவாக்கு என்னும் தொல்குடி மக்களின் ஊர்கள் வரும். அவை அவர்களுடைய குளிர்கால ஊர்கள். கோடையில் அவர்கள் மீன்பிடிக்கவும், மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்யவும் போயிருப்பார்கள். பிளாஞ்செட்டும் பிள்ளைகளும் ஆளில்லாத அந்த ஊர்களில் இறங்கி, பெரிய மரவீடுகளையும் செதுக்குத் தூண்களையும் வியந்து பார்த்தார்கள்.

அப்படி அவர்கள் போன ஊர்களில் ஒன்று வில்லேஜ் தீவில் இருந்தது. 1921-இல் அதே தீவில் அந்த மக்கள் பாட்லாட்ச் என்னும் பெருவிழாவை நடத்தினார்கள். கூடியிருப்பவர்களுக்குப் பரிசுகளை வாரி வழங்குகிற விழா அது. கனடா அரசு அதை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. 1921-இல் விழா நடத்தியவர்கள் கைதானார்கள். முகமூடிகளும் கேடய வடிவச் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. பல பத்தாண்டுகள் போராடித்தான் அந்த மக்கள் அவற்றில் பெரும்பகுதியை மீட்டார்கள். அவற்றை வைப்பதற்கென்றே 1980-இல் அலர்ட் பே ஊரில் ஊமிஸ்டா பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது.

ஆளில்லாத வீடு உரிமையாளர் இல்லாத வீடாகிவிடாது. தண்ணீரை அவ்வளவு கவனமாகப் படித்தவர், அந்த ஊர்களை அதே கவனத்தோடு படித்திருக்க வேண்டும். அந்தக் காலத்து வெள்ளையர் பலருக்கும் இருந்த குறை அவருக்கும் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டே அந்தப் பக்கங்களை நாம் படிக்க வேண்டும்.

பல கோடைகளின் பயணங்களை ஒரே கோடையில் நடந்தவைபோல அவர் எழுதியிருக்கிறார். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றும் ஒரே வளைவில் கிடக்கின்றன என்று பெல்ஜிய எழுத்தாளர் மெட்டர்லிங்க் எழுதிய கருத்து அவரைக் கவர்ந்திருந்தது. புத்தகத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1961-இல் ஸ்காட்லாந்தின் பிளாக்வுட் நிறுவனம் அதை வெளியிட்டது. அதே ஆண்டில், எழுபது வயதில், பிளாஞ்செட் காலமானார். இன்றும் அந்தக் கரையில் படகோட்டுகிற பலருடைய படகுகளில் அந்தப் புத்தகம் இருக்கிறது.

அவரைத் துணிச்சல்காரி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கணவரைக் கொண்டுபோன கடலின்மீது பிள்ளைகளை ஏற்றிச்செல்ல வெறும் துணிச்சல் போதாது. அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும். இயந்திரத்தின் ஒவ்வொரு பாகமும் பழகியிருக்க வேண்டும். காற்று சரியில்லை என்றால் ஒரு நாளோ இரண்டு நாளோ ஒதுங்கிக் கிடக்க மனம் வேண்டும். ஐந்து பிள்ளைகளும் அதையெல்லாம் பக்கத்தில் இருந்தே பார்த்து வளர்ந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஆபத்தான இடங்கள் ஏராளம். ஆறு, சாலை, ஊர்விட்டு ஊர் போகும் படிப்பு, முதல் வேலை. ‘போகாதே’ என்று சொல்வது நமக்குச் சுலபம். அந்தப் பாதுகாப்பு நாம் கூட இருக்கும் வரைக்கும்தான் செல்லும். எப்போது போகலாம், எப்போது காத்திருக்க வேண்டும், திரும்பிவிட வேண்டிய வேளை எது என்று கற்றுக்கொடுப்பதற்கு நாமும் கூடவே போக வேண்டும், நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் காலமும் பொறுமையும் செலவாகும். அந்தச் செலவைச் செய்யுங்கள் என்றுதான் பெற்றோர்களை நான் கேட்டுக்கொள்கிறேன்.