விரலில் மை இல்லாதவர்கள்

தேர்தல் நேரத்தில் நம் நாட்டில் இருக்கும் வெளிநாட்டவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் என்றதும் உங்களுக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது? பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் இலை போட்டுச் சோறு பரிமாறுகிறவர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் முடி வெட்டுகிறவர். கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறவர். இவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 'ஊர்க்காரர்' என்போம். சொல் நல்ல சொல்தான். சொல்லும் தொனிதான் எல்லா நேரமும் நன்றாக இருப்பதில்லை.

2013 மே 5-ஆம் தேதி நடந்த 13-ஆவது பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். கடைசி நாள்களில் ஒரு செய்தி தீயாய்ப் பரவியது. 40,000 வெளிநாட்டவரை விமானத்தில் ஏற்றி வந்து ஓட்டுப் போட வைக்கப் போகிறார்கள் என்று எதிர்க்கட்சித் தரப்பில் சொன்னார்கள். சொந்த ஊருக்கு ஓட்டுப் போடப் போகிற வாக்காளர்கள்தாம் அவர்கள் என்று ஆளும் தரப்பு மறுத்தது. அந்த 40,000 கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வாக்களிப்பு நாளன்று 'ஆவி வாக்காளர்' வேட்டை நடந்தது நடந்ததுதான். வங்காளதேசத்தவர் என்று சந்தேகப்பட்டவர்களைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். மறிக்கப்பட்டவர்களில் இந்நாட்டுக் குடிமக்களும் இருந்தார்கள். முகத்தையும் நிறத்தையும் வைத்துக் குடியுரிமையைக் கண்டுபிடிக்கப் போனால் வேறென்ன நடக்கும்? அந்த நிறம் நம் நிறமும்தானே!

சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சபாவில் குடியேறிகளுக்கு அடையாள அட்டை கொடுக்கப்பட்ட விவகாரத்தை விசாரிக்க 2012-இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2013 ஜனவரியில், அதாவது தேர்தலுக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், சாட்சி விசாரணை தொடங்கியது. மக்கள் பயந்ததில் தவறில்லை. ஆனால் அட்டையைக் கொடுத்தவர் அலுவலகத்தில் இருந்தார். வாசலில் மாட்டிக்கொண்டவர் வேறு யாரோ.

அந்த நாளில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி எப்படி இருந்திருப்பார்? பிரிக்பீல்ட்ஸில் உணவக ஊழியர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். முதலாளி அறையை விட்டு வெளியே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். போகலாம் என்றாலும் கடப்பிதழ் அவர்கள் கையில் இல்லை. மறுநாள் காலை தோசை கொண்டுவந்து வைத்த கைகளில் மட்டும் மை இல்லை. (நமக்கு வைத்த மையே கழுவினால் போகிறது என்று எத்தனை புகார் வந்தது என்பது வேறு கதை!) இவர்கள் தங்கள் ஊரிலும் ஓட்டுப் போடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று இந்தியாவில் 2010-இல் சட்டம் திருத்தினார்கள். ஆனால் நேரில் போய்த்தான் ஓட்டுப் போட வேண்டும். விமான டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பார்? லண்டனில் படிக்கும் நம் பிள்ளையின் நிலை வேறு. காமன்வெல்த் நாட்டவர் என்பதால், பதிந்துகொண்டால் பிரிட்டன் பொதுத்தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். இங்கே குடிமக்களுக்கு மட்டும்தான் வாக்கு என்பது அரசமைப்புச் சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை. ஓட்டு இல்லாதவர் ஓட்டுத் திருடர் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இதை நம்மிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1969 மே 10 பொதுத்தேர்தல். மே 13-இல் கோலாலம்பூரில் கலவரம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-இலேயே வந்துவிட்டது. கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது. அப்போது சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் இருந்தவர்கள் யார்? பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள். ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறிப் போனார்கள். பிள்ளைகள் இங்கே, பெற்றவர்கள் அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! தங்கிவிட்டவர்களிலும் பலருக்குச் சிவப்பு அட்டை நீலமாகவில்லை. 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை கொடுக்கப்போவதாக 2018-இல் அரசாங்கம் அறிவித்தது. மெர்டேக்கா கிடைத்து 61 ஆண்டுகளுக்குப் பிறகு! 'நீ யார், அட்டையைக் காட்டு' என்ற கேள்வியின் வலி நமக்குத் தெரியாதா?

வாக்காளர் பட்டியலில் சந்தேகம் இருந்தால், வேட்பாளரின் முகவர் வாக்களிப்பு அறையிலேயே ஆட்சேபிக்கட்டும். தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுங்கள். வாசலில் நின்று முகம் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.

உணவக முதலாளிகளுக்கும் முடிதிருத்தகம் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊழியரின் கடப்பிதழை நீங்கள் பூட்டி வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஓடிப்போய்விடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தெருவில் நாலு பேர் மறித்துக் கேட்டால் அந்தப் பையன் எதைக் காட்டுவான்? அடுத்த தேர்தலுக்கு நாள் குறித்ததும் கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். இந்த வாரமே அலமாரியைத் திறந்து அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.