காலைப் பசியும் கல்வியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மாணவரின் காலை உணவு பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கல்வி விழாவில் கஞ்சியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணலாம். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் கூறுகிறேன்: முதற் பாடவேளையில் தலை சாய்க்கும் பிள்ளை பெரும்பாலும் அறிவு குறைந்தவன் அல்லன், பசித்தவன்.

நம் தேவாரத்தின் நிலையை நீங்கள் அறிவீர்கள். விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஜீப் வந்து நிற்கிறது. தாய் மலையேறிக் கேரள எல்லைக்கு அப்பால் கூலி வேலைக்குச் செல்கிறாள். அடுப்பு மூட்ட அவளுக்கு நேரம் ஏது? பிள்ளை கடைத் தேநீரும் இரண்டு வர்க்கியும் உண்டு பள்ளிக்கு வருகிறான். இதில் தாயின் குற்றம் ஏதுமில்லை.

இக்குறையைப் போக்கவே 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் 1,545 பள்ளிகளில் நடந்த திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என வகை மாறி வருவதால் பிள்ளைகள் சலிப்பின்றி உண்கின்றனர். ஆயினும் 1 முதல் 5 வகுப்புகளுக்கென்றே அது வகுக்கப்பட்டது. எம் நடுநிலைப்பள்ளியில் ஒரே வளாகத்தில் தம்பி தட்டேந்தி அமர்ந்தான். ஆறாம் வகுப்பில் சேர்ந்த அக்காள் தூணருகே நின்று பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் தேறியவள் பசியையும் கடந்துவிட்டாளா?

இக்காட்சி எனக்குப் புதிதன்று. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஆறாம் வகுப்பு மாணவன். என் தம்பிக்குச் சோறு கிடைத்தது, எனக்கு இல்லை. அவன் கைகழுவி வரும்வரை மரத்தடியில் காத்திருப்பேன். 1984 செப்டம்பரில் 10 முதல் 15 வயதுடையோர்க்கும் அத்திட்டம் விரிந்தது. எட்டாம் வகுப்பில் எனக்கும் ஒரு தட்டு வந்தது. அந்தத் தட்டு வந்திராவிடில் நானும் மலைக்குக் கூலியாகப் போயிருப்பேன். அன்று இரண்டே ஆண்டில் கூடியது இன்றும் கூடும். எட்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டுமென இவ்விழாவில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புவோம்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் தகாது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழகக் கட்டடத்தில் நாள்தோறும் காலை உணவளிக்க வேண்டுகிறேன். பெருஞ்செலவு தேவையில்லை. ஒருநாள் கம்பங்கூழ், ஒருநாள் முருங்கைக்கீரை இட்ட கேழ்வரகு அடை, ஒருநாள் பயறு, ஒருநாள் இட்லி, ஒருநாள் வெண்பொங்கல் என மாற்றி வழங்கலாம்.

கூழ் என்றால் நம்மவர் சிலர் நாணுகின்றனர். நம் இளமையில் இட்லி தீபாவளிக்கு மட்டுமே வீட்டிற்கு வந்தது. ஆகவே அதுவே உயர்ந்தது என்று எண்ணிவிட்டோம். கேழ்வரகில் அரிசியைவிடச் சுண்ணாம்புச் சத்து பன்மடங்கு மிகுதி. கம்பில் இரும்புச் சத்து உண்டு. நம் பாட்டிமார் உண்டதை இன்று பட்டணத்தார் விலை கொடுத்து வாங்குகின்றனர். நாம் நாணுவதேன்?

தாய்மார்களுக்கு ஒரு சொல். இரவே சோற்றில் நீரூற்றி மூடி வையுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிள்ளை தானே உண்டு வருவான். அதற்கு அடுப்பு வேண்டா. வெறும் வயிற்றில் தேநீர் பழக்காதீர்கள். உணவோடு பருகும் தேநீர் இரும்புச் சத்து உடலிற் சேர்வதையும் குறைக்கும்.

இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தது. இருபத்தாறாம் ஆண்டில் அப்புத்தகத்தின் முன் பசியின்றி அமரும் வாய்ப்பையும் கொடுக்கட்டும். அப்பணிக்கு என் ஒரு மாத ஊதியத்தை முதற் கொடையாக அளிக்கிறேன்.