வீடு தேடிச் சென்ற ஏடு

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாம் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில், முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். தம் பாட்டனாரின் தந்தை பெயர் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் இருக்குமா என்று வினவினார். 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை பிறப்பித்ததை நீங்கள் அறிவீர்கள். செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக வந்த ஆணை அது. அவ்வகை நிலம் ஒன்று தம் முன்னோருடையது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றார் அவர். சொல் இருந்தது, எழுத்து இல்லை. நாமும் அவரும் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினோம். அவர் தந்தையின் பெயரே கிடைத்தது. அதற்கு அப்பால் அக்குடும்பத்தில் எவரும் பள்ளிக்குள் காலடி வைத்ததில்லை. அவர் வெறுங்கையுடன் திரும்பினார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் கையால் எழுதிய பதிவேடுகளும் நினைவிற்கு வந்தன. நாம் பணியில் சேர்ந்த காலத்தில் பிறப்புச் சான்று இல்லாமல் வந்த பிள்ளைகள் பலர். தாயிடம் கேட்டால், "அந்தப் பெருமழைக்கு முந்தின நடவில் பிறந்தான் ஐயா" என்பார். நாம் அந்த மழையைப் பற்றி மேலும் வினவாமல், ஐந்து வயது நிரம்பும்படி ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுவோம். ஒரே நாளில் பிறந்தவர்களாக ஒரு வகுப்பே நம் ஏட்டில் இருக்கின்றது! சிரிக்கின்றீர்கள். அது நம் பிழை.

இவ்வெண்ணத்தோடு படித்துக் கொண்டிருந்தபோது நம் கருத்தைக் கவர்ந்தவர்கள் ஐஸ்லாந்து என்னும் வடகடல் தீவின் நாட்டுப்புறப் போதகர்கள். அந்நாடு நமக்கு முற்றிலும் அயல் அன்று. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1707இல் அவரிடம் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அதே டென்மார்க் அரசின் ஆட்சியில்தான் ஐஸ்லாந்தும் அப்போது இருந்தது. தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய அதே பக்தி இயக்கம், 1741இல் லூத்விக் ஹார்போ என்பவரை அத்தீவின் சபைகளை ஆராய அனுப்பியது. மக்களில் பலர் வாசிக்க அறியாதிருப்பதை அவர் கண்டார்.

அங்கே ஊர் என்று சொல்லத்தக்க கூட்டமில்லை. மலைச்சரிவிலும் கடலோரத்திலும் ஒன்றுக்கொன்று தொலைவான பண்ணை வீடுகளே இருந்தன. ஊர்தோறும் பள்ளி கட்டுவது எங்ஙனம்? 1746இல் ஓர் ஆணை பிறந்தது. போதகர் வீடு வீடாகச் செல்ல வேண்டும். ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர், வயது, வாசிப்பு, ஞானோபதேச அறிவு ஆகியவற்றை ஏட்டில் குறிக்க வேண்டும். கற்பிக்கும் கடமை வீட்டுத் தலைவனுக்கு. நீண்ட குளிர்கால மாலைகளில் கம்பளி நூற்கும் வேலை நடக்க, ஒருவர் உரக்க வாசிப்பார். பிள்ளைகள் அங்கேதான் எழுத்தைக் கற்றனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் வாசிக்கத் தெரியாத பெரியவர் அரிதாயினர். எழுதவும் கணக்கிடவும் கற்பிக்கச் சட்டம் வந்தது 1880இல்தான். வாசித்துக் கீழ்ப்படிந்தால் போதும், எழுதி விண்ணப்பம் செய்ய வேண்டா என்று ஆள்வோர் கருதினரோ என்னவோ!

அவ்வேட்டில் நம்மை நிறுத்தியது வேறொன்று. நிலமற்றவர் தனித்து வாழ அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. ஏதேனும் ஒரு பண்ணையில் வேலையாளாக ஒடுங்கியிருக்க வேண்டும். ஆதரவற்றோரைப் பராமரிக்க எவர் குறைந்த தொகை கேட்டாரோ அவர் வீட்டில் விடுவதும் உண்டு. பண்ணையாள் முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆயினும் அந்த வேலையாளின் பெயரும், அந்த ஏழைப் பிள்ளையின் பெயரும் பண்ணைக்காரன் பெயருக்குக் கீழே அதே தாளில் இருந்தன. அதற்கும் முன்பே, 1703ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,358 பேர் பெயரும் வயதுமாகப் பதிவாயினர். அலைந்து திரிந்த இரவலரும் அதில் அடங்குவர். தந்தை பெயரே மகனுக்கும் மகளுக்கும் பின்பெயராக வரும், நம் தலைப்பெழுத்தைப் போல. ஆகவே இன்று ஓர் ஐஸ்லாந்தியர் தம் முன்னோரைப் பல தலைமுறைக்குப் பின்னோக்கித் தேடிச் செல்லலாம். 2003 முதல் அது கணினியிலும் கிடைக்கின்றது.

அப்போதகர்களுள் ஒருவரைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் 1728இல் பிறந்தவர். அவர் சபைக்கு அருகே 1783 ஜூன் 8ஆம் நாள் லாக்கி என்னுமிடத்தில் நிலம் பிளந்து நெருப்பாறு ஓடிற்று. எட்டு மாதங்கள் ஓயவில்லை. புல் நஞ்சாயிற்று; ஆடுகளும் மாடுகளும் மாண்டன; பஞ்சத்தில் தீவின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்தனர். நெருப்பாறு தம் ஆலயத்தை நோக்கி வந்த ஜூலை 20ஆம் நாள், அவர் கதவை மூடிக்கொண்டு மக்களோடு ஆராதனை நடத்தினார். அது ஆலயத்தை எட்டாமல் நின்றது. அவர் புகழ் பெற்றது அதனால்தான்.

நமக்குப் பெரிதாகப் படுவது வேறு. மறு ஆண்டு, அதிகாரி ஒருவரிடம் சேர்ப்பிக்குமாறு முத்திரையிட்ட நிவாரணப் பணத்தை அவரிடம் கொடுத்தனுப்பினர். வழியில் பட்டினியாளர்களைக் கண்டவர் முத்திரையை உடைத்துப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். அதற்காக அபராதம் செலுத்தினார். பலரறிய மன்னிப்பும் கேட்டார். முதுமையில் தம் வாழ்வையும் குடும்ப வரலாற்றையும் எழுதினார். எவருக்காக? பேராயருக்காக அன்று, தம் மகள்களுக்காக. தம் பிழைகளையும் அதில் அவர் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு தடையை நாமே எழுப்பிக் கொள்கின்றோம். நம் நாட்டில் குலமுறை கிளத்துதல் என்பது பிறரைத் தாழ்த்தவே பயன்பட்டது; நமக்கு அது எதற்கு என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. மேன்மை பேசும் கொடிவழி நமக்கு வேண்டா. ஆனால் இன்னார் மகன் இன்னார், இந்த ஏரிக்கரையில் இத்தனை ஆண்டு உழுதார் என்ற எழுத்து இருந்திருந்தால், அந்த மாணவர் வெறுங்கையுடன் போயிருக்க மாட்டார்.

ஆகவே சங்கத்தாரின் இசைவுடன் ஒரு சிறு ஏற்பாடு செய்துள்ளோம். பந்தலின் வாயிலில் மேசைமேல் நீளக் குறிப்பேடுகள் இரண்டு இருக்கின்றன. நம் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் பேனாவுடன் அமர்ந்திருக்கின்றனர். உணவுக்குச் செல்லுமுன் பெரியவர்கள் ஒவ்வொருவரும் அங்கே சற்று நில்லுங்கள். பாட்டன் பெயரைச் சொல்லுங்கள். பாட்டி பெயரையும் அவர் பிறந்த ஊரையும் தவறாமல் சொல்லுங்கள். பிறந்த நாள் தெரியாவிடில் எந்த மழை, எந்த நடவு என்றே சொல்லுங்கள். சொன்னபடியே எழுத வேண்டுமென்று பிள்ளைகளிடம் கூறியிருக்கின்றோம்.