விளையாட்டில் நேர்மை

(நமது சங்கத்து ஆண்டு விழாவில், சிறுவர் பந்தயப் பரிசளிப்பின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)



பந்தய நிர்வாகக் குழுவின் சார்பாகச் சில வார்த்தைகள் பேசுமாறு நமக்குக் கட்டளையாயிற்று. பரிசளிப்பு விழாவில் பேசுவோர் வென்றவரைப் புகழ்ந்து, தோற்றவருக்கு ஆறுதல் கூறி, இரண்டொரு நல்லுரை பகர்ந்து அமர்வது வழக்கம். அவ்வழக்கத்தை இன்று சிறிது மீற வேண்டியிருக்கின்றது. இவ்வாண்டு இறுதிப் பந்தயத்தன்று மைதானத்தில் நிகழ்ந்த ஒன்றை நாம் அனைவரும் அறிவோம்; அறிந்தும் இதுகாறும் ஒருவரும் சபையில் வாய் திறந்தோமில்லை.

14 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் பந்தயம் அது. எதிர்க் கோஷ்டியார் பக்கத்து ஊர்ச் சிறுவர். நம் சமூகத்தைச் சேராதவர். அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு விக்கெட். எஞ்சிய பந்துகள் 4. வெற்றிக்கு வேண்டிய ஓட்டங்கள் 5. உயர எழும்பிய ஒரு பந்தை எல்லைக் கோட்டருகே நின்ற நம் சிறுவன் ஒருவன் ஓடி விழுந்து பிடித்தான். நடுவர் கையை உயர்த்தினார். நாம் எழுந்து ஆரவாரித்தோம். அவ்வமயம் அச்சிறுவன் எழுந்து வந்து, “பந்து தரையைத் தொட்ட பிறகே என் கைக்கு வந்தது” என்று நடுவரிடம் சொன்னான். நம் கோஷ்டியின் காப்டனும், அவனும் ஒரு சிறுவனே, நடுவரின் இசைவு பெற்று முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மட்டை பிடித்தவன் மீண்டும் வந்து நின்றான். ஒரு பந்து எஞ்சியிருக்கையில் அவர்கள் வென்றார்கள். வெள்ளிக் கேடயம் பக்கத்து ஊருக்குப் போயிற்று.

இதன்பின் நடந்ததே நம்மை நாணச் செய்வது. அச்சிறுவனை, “உன்னை யார் கேட்டார்கள்?” என்று அதட்டினவர் பலர், அவனைப் பெற்றவரும் அவருள் ஒருவர். நடுவரை வழிமறித்து வசைமொழி கூறினவர் சிலர். அன்றிரவே கைபேசியிலுள்ள நம் வாட்சப் குழுவில் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றை இங்கே எடுத்துரைக்க நா எழவில்லை. “வருகிற ஆண்டு முதல் நம்மவரல்லாத கோஷ்டிகளை அழைக்க வேண்டா” என்றொரு தீர்மானமும் நிர்வாகக் குழுவுக்கு வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் கண்டும் குழுவினராகிய நாம் மௌனம் சாதித்தோம். அம்மௌனமும் குற்றமே.

அச்சிறுவன் மூன்று வாரம் பயிற்சிக்கு வரவில்லை. விசாரித்தபோது அவன் தாயார் ஒன்று சொன்னார்கள்: “நான் பொய் சொல்லியிருந்தால் எல்லாரும் என்னைத் தோளில் தூக்கியிருப்பார்கள் அல்லவா, அம்மா?” என்று அவன் கேட்டானாம். அன்பர்களே, அக்கேள்வி அந்த அம்மையாரிடம் கேட்கப்பட்டதாயினும் விடை கூறக் கடமைப்பட்டவர் நாம். இச்சொற்பொழிவு அக்கேள்விக்கு நாம் அளிக்க முயலும் விடையேயாகும்.

விளையாட்டு எதன் பொருட்டு? தேகம் வலுப்பெறுதற்பொருட்டு என்பர் சிலர். அது மெய்யே. ஆனால் தேக வலுவை மட்டும் விரும்பினால் தண்டால் எடுத்தும் ஓடியும் பெறலாமே, பந்தயம் எதற்கு? பிறரோடு போட்டியிட்டும் பகை கொள்ளாதிருத்தல், வென்றும் செருக்காதிருத்தல், தோற்றும் சோராதிருத்தல், எவரும் காணாதபோதும் விதியை மீறாதிருத்தல் ஆகிய நான்கையும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளிக்கூடம் விளையாட்டைப்போல் வேறில்லை. நம் தெருக்களில் சடுகுடு ஆடிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அங்கே நடுவர் ஏது? தொடப்பட்டவன் தானே ஒப்புக்கொண்டு வெளியேறினான். ஒப்புக்கொள்ளாதவனை, “அழுகுணி ஆட்டம் ஆடுகிறான்” என்று கூறி மறுநாள் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏட்டில் எழுதாத அச்சட்டத்தைக் குழந்தைகள் தாமே நடத்தினார்கள். பெரியவர் உள்ளே புகுந்து, கேடயமும் கோஷமும் கொண்டு வந்த பின்னரே அச்சட்டம் தளரலாயிற்று.

தோற்றவனுக்குப் பெருமை ஏது என்பார்க்கு நம் முன்னோரே விடையிறுத்துள்ளனர். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகால் வளவன் வென்றான். சேரன் தோற்று, முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அப்போது வென்ற அரசன் முன்னிலையிலேயே, தோற்றவன் நின்னினும் நல்லவன் என்னும் கருத்துப்படப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். அச்செய்யுள் புறநானூற்றில் 66-ஆம் பாட்டாக இன்றும் இருக்கின்றது. வெற்றி வேறு, மேன்மை வேறு என்று வென்றவனிடமே சொல்லத் துணிந்த நாவும், அதைக் கேட்டுப் பொறுத்த செவியும் இந்நாட்டில் இருந்தன.

அது பழங்கதை என்பீராயின், அண்மைக் காலத்தைப் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை ஒட்டி இங்கிலாந்துடன் ஒரு டெஸ்ட் பந்தயம் நடந்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. பின்னர் ஆடிய பாப் டெய்லர் ஆட்டமிழந்தார் என்று நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த நம் காப்டன் குண்டப்பா விசுவநாத், நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தனர். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அத்தோல்விக்காக விசுவநாத்தை இன்று எவரேனும் பழிக்கின்றனரா? அப்பந்தயத்தைப் பேசுவோர் அவருடைய நேர்மையைப் பேசாது விடுவதில்லை.

மறுவருஷமே, 1981 பிப்ரவரி 1-ஆம் நாள், மெல்போர்னில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கடைசிப் பந்தில் 6 ஓட்டங்கள் எடுத்தால் நியூஸிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்யலாம் என்ற நிலை. ஆஸ்திரேலியக் காப்டன் கிரெக் சாப்பல், தம் தம்பி டிரெவரைப் பந்தைத் தரையோடு உருட்டிவிடுமாறு பணித்தார். அன்றைய விதி அதைத் தடை செய்யவில்லை. ஆஸ்திரேலியா வென்றது, ஆனால் இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் அச்செயலைக் கண்டித்தனர். பின்னர் விதியே மாற்றப்பட்டது. விதி தடுக்காததெல்லாம் நேர்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. சகோதரர்களே, நம் சிறுவன் அன்று விசுவநாத்தின் வழியில் நின்றான். அவனை நாம் சாப்பலின் வழிக்கு இழுக்க முயன்றோம்.

இனி, நம்மவரல்லாத கோஷ்டிகளை விலக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைப் பற்றிக் கூறுவாம். இதைக் கொண்டுவந்தவர்கள் சமூகப் பற்று மிக்கவர்கள். அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இவ்வழியில் சென்றவர் அடைந்தது யாது என்பதை அவர்கள் சிந்திக்க வேண்டுகிறோம். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் பந்தயங்களை நடத்தும் ‘லிட்டில் லீக்’ என்னும் அமைப்பு 1939-ஆம் ஆண்டு தொடங்கியது. 1955-இல் தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரிலிருந்து கறுப்பினச் சிறுவர் கோஷ்டி ஒன்று மாகாணப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தது. உடனே வெள்ளையர் கோஷ்டிகள் யாவும் விலகிக்கொண்டன. எதிர்த்து ஆட ஒருவருமின்றி அக்கோஷ்டி முதலிடம் பெற்றது. ஆனால் ஆடி வெல்லவில்லை என்று காரணங்காட்டி மேற்பந்தயங்களுக்கு அதை அனுமதிக்கவில்லை. வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த இறுதிப் பந்தயங்களுக்கு அச்சிறுவர் விருந்தினராக மட்டும் அழைக்கப்பட்டனர். கூடியிருந்த மக்கள், “அவர்களை ஆட விடுங்கள்” என்று முழங்கினர். 12 வயதுச் சிறுவர் ஆட வந்து, அமர்ந்து வேடிக்கை பார்த்துத் திரும்பினர். அம்மாகாணப் பட்டம் அவர்களுக்கு அளிக்கப்பட்டது 2002-ஆம் ஆண்டில். அப்போது அவர்கள் ஏறக்குறைய 60 வயதினர்.

அயல்நாட்டைக் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. பல்வங்கர் பாலு என்னும் பந்து வீச்சாளர் 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் பிறந்த குலத்தின் காரணமாக, அவரோடு ஒரே கோஷ்டியில் ஆடினவர்களே ஒரு காலத்தில் அவருக்கு வேறு பாத்திரத்தில், மண்டபத்துக்கு வெளியே, தேநீர் கொடுத்தனர். பம்பாயில் மதவாரியாகக் கோஷ்டி பிரித்து நடந்த பந்தயங்கள் 1946-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. நம் சங்கம் நம் பிள்ளைகளின் கல்விக்கும் நன்மைக்கும் உழைப்பது தகும். ஆனால் நம்மோடு ஆட வருவோரின் குலத்தைக் கேட்டுக் கதவடைப்போமாயின், நம் முன்னோர் எந்த அவமதிப்பை நீக்கச் சங்கங்கண்டனரோ, அதையே பிறர்க்கு நாம் செய்தவராவோம். தவிரவும், நம்மை வென்றவரை விலக்கிவிட்டு நாம் பெறும் கேடயம் வெறும் தகரமேயன்றி வெள்ளியாகாது.

வயது மோசடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் குறிப்பிட்ட அதே லிட்டில் லீக்கில், 2001-ஆம் ஆண்டு நியூயார்க் கோஷ்டி ஒன்று மூன்றாமிடம் பெற்றது. அதன் சிறந்த பந்தெறியாளன் 12 வயதினன் அல்லன், 14 வயதினன் என்று பின்னர் வெளிப்பட்டது. அக்கோஷ்டியின் வெற்றிகள் யாவும் நீக்கப்பட்டன. பழி சுமந்தவன் சிறுவன். சான்றிதழைத் திருத்தியவரோ பெரியவர். நம் நாட்டிலும் 16 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதை மதிப்பிடும் நிலை வந்துவிட்டது. பெற்றோர் சொல்லை நம்ப இயலாமல் எலும்பைக் கேட்க நேர்ந்தது யாருடைய குற்றம்? பிள்ளைக்கு ஒரு வயதைக் குறைத்து எழுதும் தந்தை, அப்பிள்ளைக்கு முதற்பாடமாகப் பொய்யைக் கற்பிக்கிறார்; அத்துடன் மெய்யான வயதுடைய வேறொரு ஏழைச் சிறுவனின் இடத்தையும் பறிக்கிறார்.

நிற்க. குறை கூறிவிட்டு அமர்வது நம் நோக்கமன்று. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-ஆம் ஆண்டில் ‘மரியாதை’ என்னும் பெயரால் ஓர் இயக்கம் தொடங்கிற்று. சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் கோட்டருகே வந்து நிற்காமல் தனியே கட்டிய தடுப்புக்குப் பின்னே நிற்க வேண்டும். நடுவரிடம் காப்டன் ஒருவனே பேச வேண்டும் என்பன அதன் ஏற்பாடுகளுட் சில. கிரிக்கெட்டிலும் 2017-ஆம் ஆண்டுமுதல், வரம்பு மீறி நடப்பவனை நடுவர் மைதானத்தைவிட்டு வெளியேற்றலாம் என்று விதி ஏற்பட்டிருக்கின்றது. இவற்றை ஒட்டி வருகிற ஆண்டு பந்தயங்களுக்கு நாம் முன்வைப்பன வருமாறு.

முதலாவது, பார்வையாளர் நிற்கக் கயிறு கட்டப்படும். ஆட்டம் முடியும் வரை அதைத் தாண்டிப் பெரியவர் ஒருவரும் வரலாகாது. இரண்டாவது, தீர்ப்பைப் பற்றி நடுவரிடம் காப்டன் மட்டுமே, அதுவும் மரியாதையாக, வினவலாம். மூன்றாவது, நடுவரையோ எதிர்க் கோஷ்டிச் சிறுவரையோ நேரிலும் கைபேசியிலும் இழித்துரைக்கும் பெற்றோர் அவ்வாண்டு மைதானத்துக்கு வரலாகாது. அவர் பிள்ளை மட்டும் தடையின்றி ஆடலாம், ஏனெனில் தந்தை பிழைக்கு மகனைத் தண்டித்தல் முறையன்று. நான்காவது, வயதுச் சான்றுகளை இரு கோஷ்டித் தலைவரும் ஒருங்கே பார்வையிட வேண்டும். ஐந்தாவது, எல்லாப் பிள்ளைகளும், திறமை குறைந்தவரும், ஒவ்வொரு பந்தயத்திலும் சிறிது நேரமேனும் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்தபின் இரு கோஷ்டியாரும் கைகுலுக்கி, ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். பந்தி நம் சங்கத்தின் செலவு.

சிறுவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவே. வென்றால் எதிரியின் முன் கூத்தாடாதீர்கள். தோற்றால் மட்டையை வீசாதீர்கள். தவறவிட்ட தோழனைத் திட்டாதீர்கள். அவனே அதிகம் வருந்துகிறான். உங்கள் மனச்சாட்சிக்குத் தெரிந்ததை நடுவர் கேட்டால் மறைக்காதீர்கள்.

முடிவாக, பின்வரிசையில் தன் தாயாருடன் அமர்ந்திருக்கும் அந்தச் சிறுவனுக்கு. தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுவே: ஆம், நீ பொய் சொல்லியிருந்தால் அன்று உன்னைத் தோளில் தூக்கியிருப்போம், அது எங்கள் சிறுமையைக் காட்டியிருக்கும். நீ செய்தது சரி. அதை அன்றே சொல்லாததற்காகக் குழுவினராகிய நாம் சபையறிய மன்னிப்புக் கோருகிறோம். நாளை மாலை பயிற்சி உண்டு. உன் தந்தையாரே உன்னை அழைத்து வருவதாக நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

விலக்கல் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு, மேற்கூறிய ஏற்பாடுகளை மகாசபை ஏற்றருளுமாறு பணிவுடன் வேண்டி அமர்கிறோம். நம் பிள்ளைகள் உடலாலும் உள்ளத்தாலும் ஓங்கி வளர எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.