வீண்பேச்சு யாருடைய பேச்சு?

(வாலாஜாபாத்தில் நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தறியருகே இரண்டு பேர் பேசினால் 'வெட்டிப் பேச்சு' என்கிறார்கள். நடவு வயலில் பெண்கள் பேசினால் 'ஊர் வம்பு' என்கிறார்கள். முதலாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாலோ அதற்குப் பெயர் 'ஆலோசனை'! இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

'காஸிப்' என்பது அந்தச் சொல். சினிமாப் பத்திரிகைகள் 'கிசுகிசு' என்று எழுதுகின்றனவே, அதுதான். ஆயிரம் வருஷங்களுக்கு முன் அதன் உருவம் 'காட்ஸிப்'. 'காட்' என்றால் கடவுள். 'ஸிப்' என்றால் உறவு. குழந்தையின் ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்று நிற்கிற ஞானத்தாய்க்கும் ஞானத்தகப்பனுக்கும் அந்தப் பெயர். பிறகு நெருங்கிய சிநேகிதர்களுக்கும் அது பெயராயிற்று. பிரசவ வேளையில் துணைக்கு வந்து உட்காருகிற பெண்களையும் அப்படியே அழைத்தார்கள். உறவு, நட்பு, ஆபத்தில் துணை - இதுதான் அந்தச் சொல்லின் பூர்வீகம்!

16ஆம் நூற்றாண்டில் அதே சொல் 'வாயாடிப் பெண்' என்ற ஏச்சாக மாறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேச்சுக்கே பெயராகி, 'வீண்பேச்சு' என்று ஆகிவிட்டது. சொல் ஏன் இப்படித் தாழ்ந்தது? பேசியவர்கள் அதிகாரம் இல்லாதவர்கள். பெயர் வைத்தவர்கள் அதிகாரம் உள்ளவர்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனில், வாயாடி என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் தலையில் இரும்புக் கடிவாளம் மாட்டி, நாக்கைத் தகட்டால் அழுத்தி, தெருவில் நடத்திப் போனார்கள்.

ஆண்கள் கூடிப் பேசியதையும் சும்மா விடவில்லை. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னன் காப்பிக் கடைகளை மூடும்படி உத்தரவு போட்டான். அங்கே சர்க்காரைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரவுகின்றனவாம்! பலத்த எதிர்ப்பு கிளம்பியது. மூட வேண்டிய நாள் வருமுன்பே, 1676 ஜனவரியில் உத்தரவை வாபஸ் வாங்கினான். வெறும் வீண்பேச்சுக்கு ஒரு மன்னன் ஏன் நடுங்க வேண்டும்?

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் வெள்ளையர் நிர்வாகத்தில் நடந்தன. அந்த வட்டாரத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வெங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபையை நடத்தி வந்தார்கள். அங்கே பக்திப் பிரசங்கம் கேட்கத் தொழிலாளிகள் வருவார்கள். வந்த இடத்தில் ஆலையில் தாங்கள் படும் பாட்டையும் சொல்வார்கள். அந்தப் பேச்சு வளர்ந்தது. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் வந்து சேர்ந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது! இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து சாலை போகிற சுங்குவார்சத்திரத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் உறுதியாக நின்றார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கை என்ன? 'எங்கள் சங்கத்தை அங்கீகரி' என்பது. அதாவது, கூடிப் பேசுகிற உரிமை! 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

தோழர்களே, எல்லாப் பேச்சும் நல்ல பேச்சு என்று நான் சொல்லவில்லை. அடுத்த தொழிலாளியின் சாதியை இழுத்துப் பேசுவதும், ஒரு பெண்ணின் நடத்தையை மென்று திரிவதும் முதலாளிக்கு நாம் கூலியில்லாமல் செய்கிற வேலை. இந்தப் பேச்சு நம்மைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிரிக்கிற பேச்சைத் தள்ளுங்கள்.

சேர்க்கிற பேச்சு எது? கூலியைப் பற்றிய பேச்சு! நெசவாளி தன் வீட்டுத் தறியில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சேலைக்கு என்ன கூலி வாங்குகிறார் என்று தெரியாதவரையில் முதலாளி சொன்னதே கூலி. அடுத்த ஊரில் நடவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாதவரையில் நிலக்காரர் வைத்ததே சட்டம். ஆகவே கேளுங்கள், சொல்லுங்கள், குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். 'வீண்பேச்சு' என்று அவர்கள் சொல்லட்டும். நாம் பேசுவோம்!