கம்பியின் மறுமுனை யார் கையில்?

(மதுரையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)

பகலெல்லாம் ஆலையிலும் வயலிலும் உழைத்துவிட்டு, இரவில் டெலிவிஷன் முன் உட்காருகிறோம். உள்ளூர்ச் சேனலில் சித்திரைத் திருவிழா வருகிறது. நகைக்கடை விளம்பரம் வருகிறது. "நம்ம ஊர் டி.வி." என்கிறோம். அது நம்முடையதுதானா?

ஒரு சமயம் கூலி உயர்வு கேட்டு ஆலை வாசலில் உண்ணாவிரதம் இருந்தோம். உள்ளூர்ச் சேனல்காரர் வந்து படம் பிடித்தார். இரவு அது வரவில்லை. மறுநாள் கேட்டோம். "மேலே இணைப்புக் கொடுக்கிறவர் கோபித்துக்கொண்டால் என் பிழைப்புப் போய்விடும், தோழர்!" என்றார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. அவரும் கம்பம் ஏறிப் பிழைப்பவர்தான். 'மேலே' இருப்பது யார் என்பதுதான் கேள்வி.

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னை டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. பின்னர் கொடைக்கானல் மலை டவர் வழியாக மதுரைக்குப் படம் வந்தது. சென்னையும் டில்லியும் பேசின, மதுரை கேட்டுக்கொண்டிருந்தது.

1993-ல் சன் டி.வி. வந்தது. தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் முளைத்தார்கள். ஆனால் வானிலிருந்து சேனல்களை வாங்கித் தொகுத்து அனுப்பும் பெரிய கட்டுப்பாட்டு அறை, மதுரையில் அதே சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கைக்குப் போயிற்று. எந்தச் சேனலை எந்த எண்ணில் விடுவது, எதை விடாமலிருப்பது என்பதை அந்த அறைதான் தீர்மானித்தது. சரக்கும் அவர் கையில், தராசும் அவர் கையில்!

2006-ல் சர்க்கார் இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. பெட்டி இலவசம், கம்பிக்கு மாதாமாதம் பணம்!

2007-ல் மேலிடத்துக் குடும்பம் பிளவுபட்டது. மே 9-ல் ஒரு கருத்துக் கணிப்பை ஒட்டி மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. 3 ஊழியர்கள் மாண்டார்கள். பெரிய இடத்துச் சண்டை. பலியானவர்களோ சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்!

அதே ஆண்டு மதுரையில் ராயல் கேபிள் விஷன் என்ற போட்டி ஸ்தாபனம் எழுந்தது. சர்க்காரும் அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷனை அமைத்தது. 2008 கடைசியில் குடும்பம் சமாதானமாயிற்று, கார்ப்பரேஷன் படுத்துவிட்டது. 2011-ல் ஆட்சி மாறியதும் எழுந்தது. அந்தச் செப்டம்பரில் மாதக் கட்டணம் ரூ.70 ஆக இருந்தது. அதில் ரூ.20 கார்ப்பரேஷனுக்கு, ரூ.50 ஆபரேட்டருக்குப் போயிற்று. ஏழை வீடுகளுக்கு அது மெய்யான நிவாரணமாக இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் சண்டையும் சமாதானமும் ஒரு பொது ஸ்தாபனத்தை எழுப்பவும் முடக்கவும் முடியுமானால், அது இன்னும் ஜனங்களின் சொத்தாகவில்லை.

அலைவரிசை பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்புச் சொன்னது. அது சர்க்காரின் ஏகபோகமாகவோ தனியார் ஏகபோகமாகவோ இருக்கலாகாது, சுயேச்சையான பொது அமைப்பின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பையே நாம் கையில் எடுப்போம்.

கம்பியும் சேனலும் ஒரே கையில் இருக்கக்கூடாது. பொதுக் கம்பியின் வரவு செலவு ஜனங்கள் முன் வைக்கப்படவேண்டும். கம்பம் ஏறும் தொழிலாளிக்கு நியாயமான கூலியும் விபத்துப் பாதுகாப்பும் வேண்டும். உள்ளூர்ச் சேனலில் நகைக்கடைக்கு இடமிருந்தால், கூலி கேட்கும் உழைப்பாளிக்கும் இடம் வேண்டும்.

தோழர்களே! மாதச் சந்தா நம்முடையது. ரசீது கேளுங்கள். கூடவே, கம்பியின் மறுமுனை யார் கையில் என்றும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் இணைப்பை அறுப்பார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்!